காருக்கு 360 டிகிரி கேமரா தேர்வு செய்வது எப்படி? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

புது தில்லி: சில ஆண்டுகளுக்கு முன்பு வரை சொகுசுக் கார்களில் மட்டுமே காணப்பட்ட 360 டிகிரி கேமரா வசதி, இன்று 4 மீட்டருக்கும் குறைவான நீளம் கொண்ட சிறிய கார்களிலும் இடம்பெற்றுள்ளது. 2020 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் மேக்னைட், 2022 பிப்ரவரியில் வெளியான புதிய மாருதி சுசுகி பலேனோ, 2023-இல் மேம்படுத்தப்பட்ட டாடா நெக்ஸான், 2024 நவம்பரில் அறிமுகமான புதிய டிசையர் ஆகியவை அவற்றுள் சில. எனினும், இவ்வசதி பெரும்பாலும் விலை உயர்ந்த வகைகளில் மட்டுமே வழங்கப்படுகிறது. இதனால் குறைந்த விலை வகையை வாங்குவோரும், ஏற்கெனவே கார் வைத்திருப்போரும் வெளிச்சந்தையில் கிடைக்கும் கேமரா தொகுப்புகளை நாடுகின்றனர்.

காட்சியறையின் வெளிச்சத்தில் எல்லாத் தொகுப்புகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். அவற்றுக்கிடையேயான வேறுபாடு அந்தி சாய்ந்த பிறகும், மழையிலும், காரின் மூலையை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு குழந்தை நிற்கும்போதும்தான் வெளிப்படும். எனவே, தேர்வும் அந்தச் சூழல்களை முன்னிறுத்தியே அமைய வேண்டும்.

மேலே கேமரா இல்லை

திரையின் நடுவில் காரின் உருவம் அமைய, அதைச் சுற்றியுள்ள தரை முழுவதும் மேலிருந்து பார்ப்பதுபோலத் தெரிவதே இவ்வசதியின் சிறப்பு. இதைப் 'பறவைப் பார்வை' என்று விளம்பரங்கள் குறிப்பிடுகின்றன. உண்மையில் காருக்கு மேலே கேமரா எதுவும் கிடையாது. முன்புறக் கிரில், பின்புற எண் பலகைக்கு மேற்பகுதி, இரு பக்கவாட்டுக் கண்ணாடிகளின் அடிப்பகுதி ஆகிய நான்கு இடங்களில் சிறிய கேமராக்கள் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 180 டிகிரி அகலத்தைப் பதிவு செய்யும் மீன்கண் லென்ஸ் உள்ளது. இந்த நான்கு படங்களின் வளைவை நீக்கி, அவற்றைத் தரைமீது விரித்து, ஓரங்களை ஒட்டி ஒரே படமாக மாற்றும் பணியைக் காரினுள் இருக்கும் சிறு கணினி செய்கிறது. நான்கு துணித் துண்டுகளைத் தையற்காரர் இணைப்பது போன்ற வேலை இது. தையல் விழும் இடங்கள், காரின் நான்கு மூலைகள்.

ஜப்பானின் நிசான் நிறுவனம் 2007-இல் எல்கிராண்ட் காரில் இத்தொழில்நுட்பத்தை 'அரவுண்ட் வியூ மானிட்டர்' என்ற பெயரில் முதன்முதலில் அறிமுகம் செய்தது. பிற நிறுவனங்கள் 'சரவுண்ட் வியூ', '360 வியூ' என வெவ்வேறு பெயர்களைச் சூட்டியுள்ளன. பெயர்கள் வேறாயினும் அடிப்படை ஒன்றே என்பதால், பெயரை வைத்து ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்தது என்ற முடிவுக்கு வர இயலாது.

தரைமீது விரிக்கும் கணக்கு ஓர் அனுமானத்தைச் சார்ந்தது. காரைச் சுற்றியுள்ள அனைத்தும் தட்டையான தரை என்பதே அந்த அனுமானம். தரையில் வரையப்பட்ட வெள்ளைக் கோடு திரையில் உரிய இடத்திலேயே தெரியும். ஆனால் உயரம் கொண்ட தூணோ, நிறுத்தி வைக்கப்பட்ட இருசக்கர வாகனமோ, நிற்கும் மனிதரோ காரிலிருந்து வெளிப்புறமாகச் சாய்ந்து நீண்டுவிட்டதுபோலக் காட்சியளிப்பர். தரையைத் தொடாமல் நீட்டிக்கொண்டிருக்கும் பொருள்களில்தான் ஆபத்து அதிகம். பின்னால் நிற்கும் சரக்கு வாகனத்தின் பின்பலகை, உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். கேமராவைவிட உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பி, மேற்பார்வைப் படத்தில் இடம்பெறாமலே போகும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தள நிறுத்துமிடத்துக்கு இறங்கும் சரிவுப் பாதையில் படம் கோணலாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

ஆகவே, மேற்பார்வைப் படத்துடன் குறைந்தது ஒரு கேமராவின் நேரடிக் காட்சியையும் ஒரே திரையில் அருகருகே காட்டும் அமைப்பே ஏற்றது. நேரடிக் காட்சியில் மேற்கூறிய கம்பி தெரியும்.

ஒரு குழந்தையின் பெயரில் ஒரு சட்டம்

வாகனத்தைப் பின்னோக்கி எடுக்கும்போது நிகழும் விபத்துகள் எவ்வளவு கொடியவை என்பதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஒரு சட்டம். 2002-இல் நியூயார்க் மாநிலத்தில், வீட்டு வாயிலில் தந்தை காரைப் பின்னோக்கி எடுத்தபோது அவரது 2 வயது மகன் கேமரூன் குல்பிரான்சன் அதில் சிக்கி உயிரிழந்தான். அச்சிறுவனின் பெயரைத் தாங்கிய குழந்தைகள் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2008-இல் ஒப்புதல் வழங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, 2018 மே 1 முதல் அந்நாட்டில் விற்கப்படும் அனைத்துப் புதிய பயணியர் கார்களிலும் பின்புறக் கேமரா கட்டாயமானது. இத்தகைய விபத்துகளில் ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் உயிரிழப்பதாகவும், 15,000 பேர் காயமடைவதாகவும் அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அப்போது கணக்கிட்டிருந்தது. உயிரிழப்போரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

அந்த விதியில் நம் நாட்டு வாடிக்கையாளருக்கும் பயன்படும் அளவுகோல்கள் உள்ளன. காருக்குப் பின்னால் ஏறத்தாழ 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் கொண்ட பகுதி திரையில் தெரிய வேண்டும். ரிவர்ஸ் கியர் போட்ட 2 வினாடிகளுக்குள் படம் வந்துவிட வேண்டும். சோதனைக்கு நிறுத்தப்படும் உருளைகளின் உயரம் 0.8 மீட்டர். அதாவது, நடக்கத் தொடங்கிய குழந்தையின் உயரம்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் பின்புற பார்க்கிங் உணரி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை, வேக எச்சரிக்கை, இருக்கைப் பட்டை நினைவூட்டல் ஆகியவற்றுடன் சேர்த்து நடைமுறைக்கு வந்த விதி இது. ஒலி எழுப்பி எச்சரிக்கும் இந்த எளிய கருவியின் மதிப்பு, கேமரா வந்த பிறகும் குறையவில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் மேற்கொண்ட ஆய்வுகளில், பின்புறக் கேமரா மட்டும் இருந்த கார்களில் பின்னோக்கு விபத்துகள் 17 சதவீதம் குறைந்தன. கேமரா, உணரி ஆகியவற்றுடன் தானாக பிரேக் பிடிக்கும் வசதியும் சேர்ந்திருந்தபோது 78 சதவீதம் வரை குறைந்தன. கேமரா எதையும் தடுப்பதில்லை, அது காட்டுவதை ஓட்டுநர் பார்த்தாக வேண்டும் என்பதே இவ்விரு எண்களுக்கும் இடையேயான இடைவெளியின் பொருள். எனவே, கேமராவைப் பொருத்தும்போது உணரியின் ஒலி நின்றுபோகுமெனில் அந்தத் தொகுப்பைத் தவிர்ப்பது நல்லது. காரின் மூலத் திரையை அகற்றிவிட்டுப் புதிய ஆண்ட்ராய்டு திரையைப் பொருத்தும்போது சில கார்களில் இவ்வாறு நேர்வதுண்டு.

தண்ணீர் பாட்டில் சோதனை

ஒரே பொருளை முன்புறக் கேமராவும் பக்கவாட்டுக் கேமராவும் வெவ்வேறு கோணங்களில் காண்கின்றன. இரு படங்களும் ஒட்டப்படும் கோட்டில் அப்பொருள் அமைந்தால் பாதி மறையலாம், இரண்டாகத் தெரியலாம், தரம் குறைந்த அமைப்புகளில் முற்றிலும் காணாமற்போகலாம். திறன்மிக்க அமைப்புகள் இரு படங்களையும் சற்றே ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்தோ, ஒட்டும் கோட்டை இடம் மாற்றியோ இக்குறையைக் குறைக்கின்றன. விற்பனையாளரின் விளக்கத்தைவிட நேரடிச் சோதனையே இதில் நம்பத்தக்கது.

ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து திரையைக் கவனிக்க, மற்றொருவர் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காரின் மூலையிலிருந்து ஓரடி தொலைவில் தரையில் வைத்து, பம்பரை ஒட்டிச் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். நான்கு மூலைகளிலும் இவ்வாறு செய்ய ஐந்து நிமிடமே ஆகும். பாட்டில் எந்த இடத்தில் மறைகிறது, எவ்வளவு தூரம் நகர்ந்த பிறகு மீண்டும் தெரிகிறது என்பதைக் கவனித்தால் போதும். பாட்டில் தெரியாத இடைவெளி ஒரு கையளவுக்கு மேல் இருப்பின் வேறு தொகுப்பைப் பார்ப்பதே உசிதம். பின்னர் ஒருவர் காரைச் சுற்றி நடந்து வர வேண்டும். மூலையைக் கடக்கும்போது அவரது கால்கள் ஒருகணம் மறைந்து மீண்டும் தோன்றுவது பல அமைப்புகளில் இயல்பு. அந்தக் கணம் நீள்வதுதான் குறைபாடு. இச்சோதனையை மாலை மங்கிய பிறகு செய்ய விற்பனையகம் இசைந்தால் இன்னும் நன்று.

இரவுக் காட்சியைப் பொறுத்தவரை, பலரும் பின்புறக் கேமராவை மட்டும் சோதிக்கின்றனர். அங்கே ரிவர்ஸ் விளக்கின் ஒளி உண்டு, முன்புறம் முகப்பு விளக்கு உண்டு. பக்கவாட்டில்தான் பெரும்பாலான கார்களில் விளக்கே கிடையாது. இருட்டில் முதலில் தோற்பவை பக்கவாட்டுக் கேமராக்களே.

பெட்டியில் அச்சிடப்பட்ட எண்கள்

வெளிச்சந்தைத் தொகுப்புகளில் 720, 1080 போன்ற எண்கள் பெரிய எழுத்தில் அச்சிடப்படுகின்றன. அவற்றின் பொருளை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 180 டிகிரி அகலத்தை லென்ஸ் சமமாகப் பிரிப்பதாகக் கொண்டால், 720 பிக்சல் அகலம் மட்டுமே கொண்ட பழைய அனலாக் கேமராவில் ஒரு டிகிரிக்கு 4 பிக்சல்களே கிடைக்கும். 1,280 பிக்சல் அகலம் கொண்ட 720 வகையில் 7-உம், 1,920 பிக்சல் அகலம் கொண்ட 1080 வகையில் 10-க்குச் சற்று மேலும் கிடைக்கும். 3 மீட்டர் தொலைவில் ஒரு டிகிரி என்பது சுமார் 5 சென்டிமீட்டர். ஆக, அத்தொலைவில் நிற்கும் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள குழாய், பழைய வகைக் கேமராவில் நான்கே புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. மழைத்துளி ஒன்று லென்ஸில் விழுந்தால் அதுவும் போய்விடும்.

எனவே 720 என்பதைக் குறைந்தபட்சத் தேவையாகக் கொள்ளலாம். ஆனால் அந்த எண் கேமராவுக்கு மட்டுமே உரியது. இடையில் உள்ள கணினிப் பெட்டியும் திரையும் அதே தரத்தில் இல்லையெனில் கூடுதல் பிக்சல்கள் வழியிலேயே கரைந்துவிடும். கேமரா, பெட்டி, திரை ஆகிய மூன்றின் தரத்தையும் தனித்தனியே எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது அவசியம்.

அச்சிடப்படாத ஓர் எண்ணும் உண்டு. நிகழ்வுக்கும் திரையில் அது தோன்றுவதற்கும் இடையேயான தாமதமே அது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் கார், வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். திரையில் தூண் ஓரடி தொலைவில் தெரியும் அதே நேரத்தில் பம்பர் தூணைத் தொட்டிருக்கும். இதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. ஒருவர் கேமராவின் முன் கையை விரைவாக அசைக்க, கண்ணாடி வழியே தெரியும் கையையும் திரையில் தெரியும் கையையும் ஒப்பிட்டாலே போதும்.

உயர்வகை காரா, வெளிச்சந்தைத் தொகுப்பா?

நிறுவனமே பொருத்தித் தரும் அமைப்பு, ஸ்டீரிங், கியர், உணரி ஆகியவற்றுடன் இணைந்து செயல்படுகிறது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் வழிகாட்டிக் கோடுகளும் வளைகின்றன. டாடா நெக்ஸான், ஹூண்டாய் அல்கசார் போன்ற கார்களின் சில வகைகளில் இண்டிகேட்டர் போட்டவுடன் அந்தப் பக்கக் கேமராவின் காட்சி திரையில் தோன்றும். உத்தரவாதத்திலும் சிக்கல் இல்லை. மறுபுறம், உயர்வகைக்கு மாறும்போது மேற்கூரைக் கண்ணாடி, அலங்கார விளக்கு எனத் தேவையற்ற பலவற்றுக்கும் சேர்த்தே விலை கொடுக்க நேரிடுகிறது. நிறுவனப் பொருத்தம் என்பதாலேயே படம் தெளிவாக இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. கேமராவுக்காக மட்டும் உயர்வகைக்குத் தாவுவது பெரும்பாலோருக்கு வீண்செலவே.

வெளிச்சந்தையில் இருவகைத் தொகுப்புகள் உள்ளன. முதலாவது, 360 டிகிரி வசதியை உள்ளடக்கிய ஆண்ட்ராய்டு திரையுடன் வருவது. இரண்டாவது, காரின் மூலத் திரையை அப்படியே வைத்துக்கொண்டு, தனிப் பெட்டி வழியாக அதில் படத்தைக் காட்டுவது. புதிய கார்களுக்கு இரண்டாவது வகையே பொருத்தம். ஆனால் அந்தக் காரின் திரை வெளியிலிருந்து வரும் காட்சியை ஏற்குமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், வேலையின் தரத்தைத் தீர்மானிப்பது ஒயரிங்தான். காரின் மூல ஒயர்களை வெட்டி இணைக்காமல், அந்த மாடலுக்கென்றே தயாரிக்கப்பட்ட கப்ளர்கள் வழியாக இணைக்க வேண்டும். வெட்டி ஒட்டிய இடத்தில் பின்னாளில் பழுது ஏற்பட்டால், அந்த மின்பகுதிக்கான உத்தரவாதத்தைக் கார் நிறுவனம் மறுக்க வாய்ப்புண்டு. பக்கவாட்டுக் கண்ணாடிகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. மின்விசையால் மடங்கும் கண்ணாடியாயின், கேமரா ஒயர் ஒவ்வொரு முறையும் கண்ணாடியுடன் சேர்ந்து வளைந்து நிமிர்கிறது. கண்ணாடியின் கீல் வழியாகவும், கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையேயுள்ள ரப்பர் குழாய் வழியாகவும் ஒயரைக் கொண்டுசெல்லாமல் கதவின் ஓரத்தில் நசுங்குமாறு விட்டால், சில மாதங்களில் படம் விட்டுவிட்டுத் தெரியத் தொடங்கும். கண்ணாடிக் கூட்டில் துளையிடுவதா, அல்லது கேமராவுக்கான இடத்துடன் வரும் மாற்று அடிமூடியைப் பொருத்துவதா என்பதையும் கேட்க வேண்டும். மாற்று மூடி கிடைக்குமெனில் காரை விற்கும்போது பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும்.

பொருத்தி முடித்த பின் 'காலிபரேஷன்' எனப்படும் அளவுத்திருத்தம் செய்யப்படும். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட விரிப்புகளைக் காரைச் சுற்றித் தரையில் விரித்து, நான்கு கேமராக்களுக்கும் அவற்றின் இடத்தைக் கற்பிக்கும் பணி இது. தரை சமமாக இல்லாத கடை வாசலில், அவசர அவசரமாக இதை முடித்துத் தருவோர் பலர். வேலை சரியா என்பதை அறிய, காரைத் தரையில் வரையப்பட்ட இரு நேர்க்கோடுகளுக்கு நடுவே நிறுத்திப் பார்க்க வேண்டும். திரையில் கோடுகள் மூலைகளில் உடையாமல் தொடர்ந்தால் அளவுத்திருத்தம் சரி. உடைந்தால் மீண்டும் செய்யச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். பம்பரைக் கழற்றி மாட்டினாலும், பக்கவாட்டுக் கண்ணாடியை மாற்றினாலும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

நீர்புகாத் தன்மையைக் குறிக்கும் குறியீடுகளுள் ஐபி67 என்பது, ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும் என்பதைக் காட்டுகிறது. மழைக்கு இது போதுமானது. ஆனால் சர்வீஸ் நிலையங்களில் அழுத்தத்துடன் பீய்ச்சப்படும் நீர் வேறு வகைத் தாக்குதல். அதற்கெனச் சோதிக்கப்பட்டவை ஐபி69கே குறியீடு பெற்றவை. லென்ஸின் உட்புறத்தில் ஆவி படிந்தால் துடைத்துப் பயனில்லை, கேமராவை மாற்றுவதே வழி. ஆகையால் ஒரு கேமரா மட்டும் தனியாகக் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பதை வாங்கும் நாளிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

நான்கும் தேவையா?

நான்கு கேமராக்களும் எல்லோருக்கும் தேவை என்று கூறுவதற்கில்லை. விசாலமான வாயிலும் திறந்தவெளி நிறுத்துமிடமும் உள்ளவருக்குத் தரமான ஒரு பின்புறக் கேமராவும், ஏற்கெனவே காரில் உள்ள உணரியும் போதும். இந்தியாவில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், காரின் இடப்பக்கமும் இடது முன்சக்கரமும் அவரது கண்ணுக்கு மிகவும் எட்டாத பகுதிகள். இருசக்கர வாகனங்கள் நுழைந்து செல்வதும் பெரும்பாலும் அவ்வழியேதான். இரண்டு கேமராக்களுக்கு மட்டுமே பணம் ஒதுக்க முடியுமெனில் பின்புறமும் இடப்புறமும் என்பதே சரியான தேர்வாக இருக்கும்.

குறுகிய தெருவில் மதிலுக்கு இடையேயுள்ள வாயிலிலிருந்து காரை வெளியே எடுப்போருக்கு முன்புறக் கேமரா பெரிதும் உதவும். ஓட்டுநரின் கண்கள் பம்பருக்கு ஏறத்தாழ 2 மீட்டர் பின்னால் இருக்கின்றன. இருபுறமும் வருவது அவருக்குத் தெரிவதற்குள் காரின் முன்பகுதி தெருவுக்குள் நுழைந்துவிடும். பம்பர் அருகிலேயே அமைந்த அகலக் கோண லென்ஸ் இந்த இடைவெளியை நிரப்புகிறது. இத்தகையோர், ரிவர்ஸ் கியர் போடாமலே ஒரு பொத்தானை அழுத்தி முன்காட்சியைப் பெற முடிகிறதா என்பதைச் சரிபார்க்க வேண்டும்.

கேமராக்களின் காட்சியைப் பதிவு செய்யும் வசதியும் சில வெளிச்சந்தைத் தொகுப்புகளில் உண்டு. கார் நிற்கும்போதும் இடைவிடாது பதிவு செய்தால் பேட்டரி தீர்ந்துவிடும். மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் தானாக நிற்கும் ஏற்பாடு இல்லாத தொகுப்பில் இந்த வசதியை அணைத்து வைப்பதே மேல்.

பணம் செலுத்தும்போது, கருவியின் மாடல் எண், பொருத்துகூலி, உத்தரவாதக் காலம் ஆகியவை தனித்தனியே குறிக்கப்பட்ட ரசீதைப் பெற வேண்டும். கருவிக்கு மட்டுமின்றி ஒயரிங் வேலைக்கும் உத்தரவாதம் உண்டா என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நிறுவனம் பொருத்தாத மின்னணுச் சாதனங்கள் காரின் காப்பீட்டு மதிப்பில் தாமாகச் சேர்வதில்லை. அவற்றின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் செலுத்திச் சேர்த்துக்கொண்டால்தான் விபத்திலோ திருட்டிலோ கேமராக்கள் சேதமடையும்போது இழப்பீடு கோர முடியும். அதற்கும் இந்த ரசீதே ஆதாரம்.